வாதி ஷாப்: நீந்திப் போய்ப் பார்த்த அருவியும் நனைந்துபோன கார் சாவியும்

முதலிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கார் சாவிக்கு 85 ஓமன் ரியால், ரெக்கவரி வண்டிக்கு 35 ரியால், சேர்த்து 120. நான் போனபோது ஒரு ரியால் 220 ரூபாயை ஒட்டி இருந்தது, ஆக 26,400 ரூபாய். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத போன், 17,000. மொத்தம் 43,400 ரூபாய். கூடவே வீங்கிய கணுக்காலோடு அக்கா வீட்டு சோபாவில் ஒன்றரை நாள். இத்தனையும் ஒரே ஒரு அருவியைப் பார்க்கப் போனதற்கு. அருவி அழகுதான், அதில் சந்தேகமே இல்லை. போவதற்கு முன்னால் யாராவது உட்கார வைத்து நான்கு விஷயம் சொல்லியிருந்தால், இந்தப் பணத்தில் வேளச்சேரி வீட்டுக்கு ஒரு ஏசியே வாங்கியிருப்பேன்.

இடம் ஓமனில் இருக்கும் வாதி ஷாப். அரபியில் வாதி என்றால் மழைக்காலத்தில் மட்டும் ஆறாக ஓடும் பள்ளத்தாக்கு. மற்ற நாளில் வெறும் கூழாங்கல்தான். ஆனால் ஷாபில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். மஸ்கட்டிலிருந்து ஸூர் போகும் 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 150 கிலோமீட்டர், திவி என்ற கடலோரக் கிராமத்துக்குப் பக்கத்தில். ஒரு புறம் கடல், மறு புறம் புல் பூண்டு இல்லாத மொட்டை மலை. அந்த மலை பிளந்த இடத்துக்குள் நுழைந்தால் பேரீச்சந்தோப்பு, வாழைத்தோட்டம், பச்சையும் நீலமுமாகக் குளங்கள். சென்னையிலிருந்து மஸ்கட்டுக்கு விமானத்தில் நான்கு மணி நேரம்தான் என்பதால், அங்கே வேலை செய்யும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் பலர் இங்கேயும் ஒரு நடை போய் வருகிறார்கள். நானும் மஸ்கட்டில் ரூவி பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவன்தான். மாமாவுக்கு அன்று டூட்டி, அதனால் வாடகைக் காரில் தனியாகக் கிளம்பினேன். அது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு நினைப்பில். சென்னையிலிருந்து போய்வரும் நாகலாபுரம், தடா அருவி மலைகளையெல்லாம் பல தடவை ஏறியவன், இது என்ன பிரமாதம் என்று இருந்தேன். எல்லாரும் "முக்கால் மணி நேர நடை" என்றுதான் சொன்னார்கள். அது பாதி உண்மை. நடை முடியும் இடத்தில் அருவி இல்லை. அங்கிருந்து நீந்த வேண்டும். நாகலாபுரத்தில் குளத்தில் இறங்கப் பயமாக இருந்தால் பாறையோரமாகச் சுற்றிப் போய்விடலாம். இங்கே இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், சுற்று வழி கிடையாது. கையில் என்ன எடுத்துப் போவது, காலில் என்ன போடுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று எல்லாவற்றையும் "நான் தண்ணீருக்குள் போகிறேன்" என்று நினைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் மலை ஏறப் போகிறவன் மாதிரி தயாரானேன்.

நேரத்தைப் பற்றி முதலில். ஓமனில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நான் போனது வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு ரூவியில் கிளம்பி, வழியில் பிம்மா பள்ளத்தில் நிறுத்தினேன். சுண்ணாம்புப் பாறையின் கூரை இடிந்து விழுந்து உண்டான பெரிய குழி, உள்ளே பச்சைத் தண்ணீர், படி இறங்கிப் போகலாம், கட்டணம் இல்லை. அங்கே ஒரு மணி நேரம் போனது. வாதி ஷாப் பாலத்துக்கு அடியில் கார் நிறுத்தும்போது பன்னிரண்டே முக்கால். நெடுஞ்சாலை மேலே பாலமாகப் போகிறது, கீழே நிறுத்துமிடம், பக்கத்தில் கழிப்பறை, ஒரு டீக்கடை. அங்கிருந்து சின்ன மோட்டார் படகில் அக்கரைக்குப் போக வேண்டும். இரண்டு நிமிஷப் பயணம், போக வர ஆளுக்கு ஒரு ரியால். விடுமுறைக் கூட்டத்தில் அந்த இரண்டு நிமிஷத்துக்கு நான் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். கடைசிப் படகு ஐந்து மணிக்கு என்று படகுக்காரர் விரலை விரித்துக் காட்டினார். ஒன்றரைக்கு அக்கரை. நடை 50 நிமிஷம், நீச்சல் போக அரை மணி, வர அரை மணி, திரும்ப நடை 50 நிமிஷம். எங்கேயும் உட்காராமல் போனாலே 2 மணி 40 நிமிஷம். உட்காராமல் யார் போவார்கள்? நடுவில் நிற்பது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்தால் நாலரை மணி நேரம் கையில் இருக்க வேண்டும். மஸ்கட்டிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள், எட்டு மணிப் படகில் ஏறுங்கள், ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாளில் போங்கள். பிம்மாவைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள், அது எங்கேயும் ஓடாது. ஒரு ரியால் சில்லறையாக இருக்கட்டும், 20 ரியால் நோட்டை நீட்டினால் அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியாது.

நடை ஆரம்பத்தில் சுகம். கூழாங்கல் தரை, பிறகு தோட்டங்கள், பாறையை ஒட்டி ஃபலஜ் என்கிற வாய்க்கால் ஓடும். நம்மூர் மதகு வாய்க்கால் மாதிரிதான், ஆனால் மலைச் சுவரில் ஒட்டவைத்தது போல இருக்கும். சில இடத்தில் அந்த வாய்க்காலின் விளிம்பேதான் பாதை. பாதிக்கு மேல் பெரிய பாறைகள் மீது ஏறி இறங்க வேண்டும். இங்கேதான் என் செருப்பு கைவிட்டது. தி.நகரில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் சாண்டல், அடிப்பக்கம் கெட்டிப் பிளாஸ்டிக். நாகலாபுரத்துப் பாறை குவார்ட்ஸைட், சொரசொரப்பு, ஈரத்திலும் ஓரளவு பிடி கிடைக்கும். இங்கே சுண்ணாம்புப் பாறை. ஆயிரமாயிரம் கால்கள் தேய்த்து, வெள்ளம் தேய்த்து, மார்பிள் தரை மாதிரி வழவழவென்று இருக்கிறது. அதன்மேல் முந்தையவர்கள் சொட்டிவிட்டுப் போன தண்ணீர். போகும்போது இரண்டு தடவை வழுக்கித் தப்பித்தேன். வரும்போது தப்பிக்கவில்லை. இதற்கு வேண்டியது மென்மையான ரப்பர் அடி உள்ள, குதிகாலும் விரலும் மூடிய வாட்டர் ஷூ. காலை இறுக்கிப் பிடிக்கிற அளவில் வாங்க வேண்டும், ஈரமானதும் தளரும். வாங்கும்போது கட்டைவிரலால் அடியை அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் அமுங்கினால் சரி. கனத்த டிரெக்கிங் ஷூ போட்டு வந்தவர்கள் குளக்கரையில் அதைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு தண்ணீருக்குள் இருக்கும் கல்லில் ஐயோ ஐயோ என்று நடந்ததையும் பார்த்தேன்.

துணி விஷயம் பெண்கள் அடிக்கடி கேட்பார்கள், ஆண்களுக்கும் பொருந்தும். தோட்டத்தில் உள்ளூர்க்காரர்கள் வேலை செய்கிறார்கள், அது அவர்கள் ஊர். ஆண்கள் முழங்கால் வரை டிரவுசரும் பனியனுக்கு மேல் டி-சர்ட்டும், பெண்கள் லெகிங்ஸும் முழுக்கை டி-சர்ட்டும் போட்டால் யாருக்கும் சங்கடமில்லை. பருத்தி வேண்டாம். நனைந்தால் கனத்து இழுக்கும், திரும்பி வரும்போது நிழலில் நடுங்க வைக்கும். பாலியெஸ்டர், நைலான் போதும். ஜீன்ஸோடு நீந்த வந்த ஒரு பையனைக் கூட வந்தவர்கள் இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள்.

இனி தண்ணீர். பாதை முடியும் இடத்தில் எல்லாரும் பையைப் பாறை இடுக்கில் வைத்துவிட்டு இறங்குகிறார்கள். அதன்பின் குளம், கொஞ்சம் கல்மேட்டில் நடை, மறுபடி குளம் என்று மாறி மாறி வரும். ஆழம் ஒரே சீராக இருக்காது. இடுப்பளவில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடியில் தரை இருக்காது. நான் நீச்சல் கற்றது நாலடி நீச்சல்குளத்தில். முடியாவிட்டால் காலை ஊன்றி நிற்கலாம் என்று உடம்புக்குப் பழக்கம். இரண்டாவது குளத்தின் நடுவில் காலைக் கீழே விட்டேன், ஒன்றும் தட்டவில்லை. அந்த ஐந்து வினாடியில் கற்றதெல்லாம் மறந்துபோனது. தண்ணீரைக் குடித்து, கையை அடித்து, கடைசியில் சுவரோரம் ஒரு பாறை முனையைப் பிடித்துத் தொங்கினேன். வெட்கமாகவும் இருந்தது, உண்மையாகவே பயமாகவும் இருந்தது. பக்கத்தில் நீந்திய ஒரு அம்மாள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையில் (லைஃப் ஜாக்கெட்) நிதானமாக மிதந்து போனார், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

அந்த ஆரஞ்சு சட்டை எனக்கு இருந்திருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் அதில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள், மிதக்கவைக்கும் விசையின் அளவு அது. 50 நியூட்டன் என்றால் நீந்தத் தெரிந்தவருக்குத் துணை மட்டும், மயக்கம் போட்டால் முகத்தை மேலே திருப்பாது. 100 நியூட்டனும் அதற்கு மேலும் இருப்பதுதான் நீந்தத் தெரியாதவருக்கு. ஃபோம் உள்ளதாக வாங்குங்கள். கேஸ் உருளை வைத்து ஊதுகிற வகையை விமானத்தில் கொண்டுபோக அனுமதி, அது இது என்று தொல்லை. போட்டதும் யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள், சட்டை காதுவரை ஏறினால் அளவு பெரிது. சட்டை இல்லாமல் போகிறவர் ஆழத்தில் இருபது நிமிஷம் காலை ஊன்றாமல் இருக்க முடியுமா என்று ஊரிலேயே சோதித்துக்கொள்ளட்டும். மூச்சு வாங்கினால் மல்லாந்து மிதப்பதுதான் வழி. அதை மட்டும் நன்றாகப் பழகியிருந்தாலே நான் அப்படி அலறியிருக்க மாட்டேன்.

கடைசிக் குளத்தின் முடிவில் பாறைச் சுவரில் ஒரு பிளவு. அகலம் ஒரு தலை போகிற அளவு, தோள் தண்ணீருக்குள் இருக்கும். முகத்தை மேலே நிமிர்த்தி, காது நனைய, இரண்டு பக்கச் சுவரையும் கையால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். சில மீட்டர்தான், ஆனால் குறுகிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அங்கேயே திரும்புவது நல்லது, வெளியே இருக்கும் குளங்களே போதும். உள்ளே போனால் குகை. மேலே இருக்கும் திறப்பு வழியாக வெளிச்சம் விழ, அருவி நேராகக் குளத்தில் கொட்டுகிறது. பிடித்து ஏற ஒரு கயிறு தொங்கும். ஏறாதீர்கள். நனைந்த கயிறு, வழுக்குப் பாறை, கீழே எங்கே கல் இருக்கிறது என்று இருட்டில் தெரியாது. குதிக்கும் ஆசை உள்ளவர்களுக்கு இன்னொன்று. 2012-இல் உலக அளவிலான பாறைக் குதிப்புப் போட்டி ஒன்று இதே வாதி ஷாபில் நடந்தது. அவர்கள் ஆழத்தை அளந்து, தண்ணீரில் மீட்பு ஆட்களை நிறுத்திவிட்டுக் குதித்தவர்கள். ஒவ்வொரு வெள்ளமும் கல்லை உருட்டி வந்து குளத்தின் அடியை மாற்றிவிடும். போன வருஷம் குதித்த இடத்தில் இந்த வருஷம் பாறை இருக்கலாம்.

வெள்ளம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மலைகளில் மண்ணோ மரமோ இல்லை, பெய்த மழை உறிஞ்சப்படாமல் அப்படியே உருண்டு வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், இருபது கிலோமீட்டர் தள்ளி மலையில் பெய்த மழை பள்ளத்தாக்கில் வந்து இறங்கும். பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் திடீர் வெள்ளம் வந்ததை நினைத்துப் பாருங்கள், அதுவும் இப்படித்தான். அதே வருஷம் ஏப்ரலில் ஓமனில் வாதி வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். போவதற்கு முந்தின நாளும் அன்று காலையும் முன்னறிவிப்பைப் பாருங்கள், திவிக்கு மட்டுமில்லை, பின்னாலிருக்கும் கிழக்கு ஹஜர் மலைக்கும். மழைக்கு வாய்ப்பு என்றிருந்தால் போகவே வேண்டாம். உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, குச்சியும் இலையும் மிதந்து வந்தாலோ, ரயில் வருகிற மாதிரி சத்தம் கேட்டாலோ, படகை நோக்கி ஓடக் கூடாது. தண்ணீர் உங்களைவிட வேகம். பக்கவாட்டில் எவ்வளவு உயரம் ஏற முடியுமோ அவ்வளவு ஏறி அங்கேயே உட்காருங்கள். பிளவில் நீர்மட்டம் உயர்ந்து மூச்சு விட இடம் குறைந்திருந்தால் நுழையாதீர்கள். அவசர எண் 9999, ஆனால் பள்ளத்தாக்குக்குள் எனக்கு சிக்னலே வரவில்லை.

இனி சாவிக் கதை. போனைக் கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தேன், தெருவோரக் கடையில் 150 ரூபாய். கார் சாவியை டிரவுசர் ஜிப் பாக்கெட்டில் வைத்தேன், பையோடு விட்டால் யாராவது எடுத்துவிடுவார்களோ என்று. சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, பட்டன் வைத்த ஸ்மார்ட் கீ. போனைக் காப்பாற்ற நினைத்தவன் சாவிக்கும் கரன்ட் வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. குகைக்குள் படம் எடுக்கலாம் என்று பார்த்தால் உறைக்குள் இரண்டு விரல் தண்ணீர். கிளிப் ஓரத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலே போதுமாம். இந்த உறைகளை வாங்கினால் உள்ளே டிஷ்யூ பேப்பர் மட்டும் வைத்து, வீட்டு வாளியில் அரை மணி நேரம் கல் வைத்து அமுக்கிப் பாருங்கள், பேப்பர் காய்ந்து இருந்தால்தான் போன். அதைவிட நல்லது டிரை பேக் என்கிற தண்ணீர் புகாத பை, பத்து லிட்டர் அளவில். வாயைக் குறைந்தது மூன்று மடிப்பு மடித்து, கொஞ்சம் காற்றை உள்ளே விட்டுக் கொக்கியைப் போட்டால் பந்து மாதிரி மிதக்கும், களைத்தால் கட்டிப்பிடித்தும் மிதக்கலாம். அதற்குள் போனும் சாவியும் தனித்தனி ஜிப் கவரில் இருக்கட்டும். நனைந்த போனை உடனே அணைத்துவிடுங்கள், ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். நான் மூன்றையும் தலைகீழாகச் செய்தேன், பிறகு அக்கா சொன்னதற்காக அரிசியிலும் புதைத்தேன். அரிசித் தூள்தான் சார்ஜ் துளைக்குள் போனது.

திரும்பும் வழியில் கால் மடங்கி, நொண்டிக்கொண்டே ஐந்தே காலுக்குப் படகுத்துறைக்கு வந்தேன். படகுக்காரர் கடைசி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார், அரபியில் என்னவோ திட்டிவிட்டு என்னையும் ஏற்றினார். கார்ப் பக்கத்தில் போய்ப் பட்டனை அழுத்தினால் ஒன்றுமில்லை. போன் செத்துவிட்டது. டீக்கடையில் ஒரு மலையாளி சேட்டன் தன் போனை நீட்டினார். அக்கா எண், மாமா எண் எதுவுமே ஞாபகமில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் சென்னையில் இருக்கும் அம்மாவுடையது. வெளிநாட்டு எண் என்று அம்மா இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, "எந்த பேங்க்குப்பா? எனக்கு லோன் எல்லாம் வேணாம்" என்றார். "அம்மா, நான்தாம்மா" என்று நம்பவைப்பதற்கே ஒரு நிமிஷம். அம்மா அக்காவைக் கூப்பிட, மாமா ஸூரிலிருந்து ஒரு ரெக்கவரி வண்டியைப் பிடித்து அனுப்பினார். இரண்டு எண்களைக் காகிதத்தில் எழுதி, செல்லோடேப் ஒட்டி, மாற்றுத் துணியோடு வைத்துவிட்டுப் போயிருந்தால் போதும். தனியாகப் போகிறவர் எத்தனை மணிக்குள் போன் வரவில்லை என்றால் தேட வேண்டும் என்பதையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ரெக்கவரி வண்டிக்காரர் வந்து செய்ததைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஸ்மார்ட் கீயின் பக்கத்தில் ஒரு சின்ன விசையை நகர்த்தினார், உள்ளேயிருந்து மெல்லிய இரும்புச் சாவி வந்தது. டிரைவர் கதவுக் கைப்பிடியின் மூடியை நெம்பினார், உள்ளே சாவித்துளை. கதவு திறந்தது, அலாரம் ஊரைக் கூட்டியது. அவர் அசரவில்லை. செத்துப்போன அந்த சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிவைத்து, பிரேக்கை மிதித்து அழுத்தினார். வண்டி ஓடத் தொடங்கியது, அலாரம் நின்றது. இரண்டு நிமிஷ வேலை. விஷயம் இதுதான்: பட்டன்களுக்கு பேட்டரி வேண்டும், ஆனால் சாவிக்குள் இருக்கும் அடையாளச் சில்லுக்கு பேட்டரி வேண்டாம், பட்டனுக்குப் பக்கத்தில் வைத்தால் கார் அதற்குத் தேவையான மின்சாரத்தைத் தானே கொடுத்துப் படித்துக்கொள்ளும். பெரும்பாலான பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் இந்த வழி இருக்கிறது, எங்கே ஒட்டவைப்பது என்பது மட்டும் மாடலுக்கு மாடல் மாறும். வாடகைக்கு எடுக்கும்போதே கடைக்காரரை இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். முடிந்தால் பழைய மாதிரி இரும்புச் சாவி வண்டியே கேளுங்கள்.

வாடகைக்காரர்கள் சாவியைத் திருப்பிப் பார்த்து, பட்டன் வேலை செய்யவில்லை, உள்ளே பச்சை பூத்திருக்கிறது என்று 85 ரியால் பிடித்தார்கள். முழு இன்ஷூரன்ஸ் எடுத்தேனே என்றேன். சாவி, டயர், கண்ணாடி அதில் சேராது என்று நான் கையெழுத்துப் போட்ட தாளையே காட்டினார்கள், பொடி எழுத்தில் இருந்தது. ஆர்டிஓ அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கிப்போன சர்வதேச லைசென்ஸை மட்டும் அக்கறையாகக் கேட்டுப் பார்த்தவன், அந்தத் தாளைப் படிக்கவில்லை. டெபாசிட்டின் மீதி 23 நாள் கழித்துத்தான் வந்தது. அதிலும் 10 ரியால் குறைந்திருந்தது, வழியில் வரும் குரியாத் ஊரைத் தாண்டி ஒரு வேகக் கேமராவில் மாட்டினேனாம். மேலே சொன்ன 43,400-இல் இதைச் சேர்க்கவில்லை.